வாசல் தெரியட்டும், பெயர் தெரிய வேண்டாம்



உங்கள் திருச்சபை அந்தக் காலத்தில் நல்லது செய்தது சரி, இன்று என்ன செய்கிறீர்கள் என்று பாரீஸ் மாணவர் சிலரை ஒருவர் கேட்டார். அவர்களில் பிரெடரிக் ஓசானாமும் ஒரு நண்பரும் தங்களிடமிருந்த விறகை ஓர் ஏழை வீட்டுக்குச் சுமந்து சென்றார்கள் என்பார்கள். 1833 ஏப்ரலில் வின்சென்ட் தே பவுல் சபை பிறந்தது. எந்த வீட்டுக்குப் போவதென்று வழிகாட்டியவர் அருள்சகோதரி ரோசலி ரெண்டு.

ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கிராமத்தில் இப்படியொரு சபை இருப்பது எப்படித் தெரியும்? ஆண்டுவிழாப் பதாகை ஒரு மழைக்குத் தாங்காது. வாரந்தோறும் இருவர் இருவராக வீடு சந்திப்பதே சபையின் உயிர். காலையில் போனால் கதவு பூட்டியிருக்கும். பூப்பறிக்கவும் களையெடுக்கவும் போயிருப்பார்கள். பொழுது சாய்ந்ததும் போங்கள். கொடுக்க ஒன்றுமில்லாத வாரத்திலும் போங்கள்; அன்றைக்குத்தான் நீங்கள் யாரென்று அவர்களுக்குப் புரியும்.

விளக்கை மரக்காலுக்குள் மூடக்கூடாது என்ற ஆண்டவர், தருமத்தை மறைவாகச் செய்யவும் சொன்னார். மறைக்க வேண்டியது பெற்றவரின் பெயரை. அரிசிப் பையோடு ஒரு தாயை நிறுத்திப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால், அடுத்த முறை அவர் தம் பசியைச் சொல்லவே மாட்டார். சபையின் வாசலையோ எல்லாரும் அறிய வேண்டும். எந்தக் கிழமை கூடுகிறோம், யாரிடம் சொல்லலாம் என்பதைத் திருப்பலி அறிவிப்பில் மாதந்தவறாமல் சொல்லுங்கள். கோவிலுக்கு வராதவர்களும் பிற சமயத்தாரும் அறியும்படி டீக்கடையிலும் ரேஷன் கடையிலும் சொல்லி வையுங்கள்.

உங்கள் தெருவில் படுத்த படுக்கையாக இருப்பவர் யார்? இன்று மாலை, கூட ஒருவரை அழைத்துக்கொண்டு அங்கே போய் வாருங்கள்.