பெருமூப்பனும் ஒரு ஜோடிச் செருப்பும்

(கூடங்குளத்தில் வாசகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் வங்கியில் குமாஸ்தா. கவுண்டரில் கூட்டம் குறைந்த மத்தியானங்களில் ‘விஷ்ணுபுரம்’ படித்தேன். ஜெயமோகனின் நாவல், 1997இல் வந்தது. அட்டையைப் பார்த்த சக ஊழியர் ஒருத்தர், “தல புராணமா சார்? படிச்சிட்டுக் குடுங்க”ன்னு பயபக்தியோட கேட்டார். அதே அட்டையைப் பார்த்த நம்ம தோழர் ஒருத்தர், “இதையெல்லாம் நீ படிக்கலாமா?”ன்னார். ரெண்டு பேரும் புத்தகத்தைத் திறக்கவில்லை. ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பேச்சு.

இது மிகுபுனைவு. எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு கோயில் நகரம். அங்கே பிரம்மாண்டமான விஷ்ணு சிலை படுத்துக் கிடக்கிறது. யுகத்துக்கு ஒருமுறை புரண்டு படுக்கும் என்பது ஊரின் நம்பிக்கை. நாவலும் ஸ்ரீபாதம், கௌஸ்துபம், மணிமுடி என்று காலிலிருந்து தலைக்கு மூன்று பாகமாகப் போகிறது. கடைசியில் பிரளயம்.

இந்த ஊர்க்காரர்களுக்கு அந்தச் சிலை புதுசில்லை. 1988இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் போட்ட ஒப்பந்தம், 2013இல்தான் மின்சாரமானது. முழுசாக யாருக்கும் காட்டாமல், பெயரைச் சொன்னாலே கும்பிடச் சொல்கிற ஒரு பெரும் பொருளின் காலடியில் வாழ்வது எப்படியென்று நமக்குத் தெரியும்.

என்னை உலுக்கியது வேறு இடம். அந்த விஷ்ணு, விஷ்ணுவே அல்ல. மலைக்குடி ஒன்றின் ஆதி மூதாதை, பெருமூப்பன். அவனுக்கு நாமம் போட்டு, மந்திரம் சொல்லி, கோபுரம் கட்டிவிட்டார்கள். மூப்பனின் மக்கள் வெளியே நிற்கிறார்கள். தெய்வம் எப்படிக் களவு போகிறது என்பதை ஒரு கட்டுரை இவ்வளவு உறைக்கிற மாதிரிச் சொல்லிவிட முடியாது.

இது கற்பனைதானே என்பீர்கள். நம்ம மாவட்டத்துக்கே வாருங்கள். காரையாற்றில், தாமிரபரணிக் கரையில் சொரிமுத்து அய்யனார் கோயில். அங்கே பட்டவராயனுக்கு மக்கள் காணிக்கை வைப்பது தோல் செருப்பு. ராத்திரியில் அவர் அதைப் போட்டு நடக்கிறார், மறுவருஷம் பார்த்தால் தேய்ந்திருக்கும் என்பார்கள். இதைவிடப் பெரிய மிகுபுனைவு எது? பட்டவராயன் யார்? பிராமணனாகப் பிறந்த முத்துப்பட்டன். பகடை வீட்டுப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்காவைக் கட்டிக்கொள்ள, பூணூலை அறுத்துச் செருப்புத் தைத்தவன். வில்லுப்பாட்டில் கேட்டிருப்பீர்கள். ஆனால் கதையின் சில வடிவங்களில், அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகளாம், வாலப் பகடை எடுத்து வளர்த்தாராம்! மூப்பனுக்குப் போட்ட நாமமும் இதுவும் ஒன்றுதான் தோழர்களே. விஷ்ணுபுரம் காரையாற்றிலும் இருக்கிறது.

எனக்குச் சண்டையும் உண்டு. நாவலின் ஞானசபையில் தரிசனங்கள் மோதுகின்றன. பௌத்தனான அஜிதன் வெல்கிறான். வென்ற தத்துவத்தையும் அதிகாரம் தன் வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. பௌத்தத்தை விடுதலையாக வரித்துக்கொண்ட நாம் இதை யோசிக்க வேண்டும். ஆனால் மூப்பனின் மக்கள் அந்தச் சபையில் ஒரு தரப்பாக எழுந்து, “அது எங்க பாட்டன், குடு”ன்னு கேட்கவில்லை. கல்லைப் புரளவைக்கத் துணிந்த கற்பனை, அவர்களை வாதாட வைக்கத் துணியவில்லை. இது அந்த ஒரு நாவலின் குறை மட்டுமில்லை. யாருடைய அறிவு அறிவு என்ற பழைய கேள்விதான்.

குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். நாம் என்ன செய்தோம்? 1992இல் பாமாவின் ‘கருக்கு’ வந்தது. அதற்குப் பிறகு பட்ட பாட்டை எழுதும் துணிச்சல் நம்மில் பலருக்கு வந்தது. அது பெரிய காரியம். ஆனால் இன்றைக்குப் பதிப்பாளர் கேட்பதும் வாசகர் கேட்பதும் நம்ம காயத்தை மட்டும்தான். “உங்க அனுபவத்த எழுதுங்க சார்” என்கிறார்கள். கனவை எழுதுங்கள் என்று யாரும் கேட்பதில்லை. நாமும் கேட்டுக்கொள்வதில்லை. என் கவிதைகளிலும் அழுகைதான் அதிகம், ஒப்புக்கொள்கிறேன். செருப்புப் போட்டு நடக்கிற சாமியைக் கற்பனை செய்த ஜனங்களின் பேரப்பிள்ளைகள் நாம். கற்பனை நமக்கு இரவல் இல்லை.

ஆகவே ‘விஷ்ணுபுர’த்தைப் படியுங்கள். கும்பிடவும் வேண்டாம், கொளுத்தவும் வேண்டாம். படித்துவிட்டுச் சண்டை போடுங்கள். அடுத்த கூட்டத்துக்குள்ள யாராவது திம்மக்காவை ஞானசபையில ஏத்தி, நாலு பக்கம் பேச வச்சுக் கொண்டாங்க. கேட்க நான் முன்வரிசையில உட்கார்ந்திருப்பேன்.