பாட்டியார் விட்டுச் சென்ற ஜமக்காளம்

சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதித் தமிழ் இல்லங்களிலும், தேவிகுளம், பீர்மேடு தோட்டக் குடியிருப்புகளிலும் பரண்மேல் கிடக்கும் பழைய ஜமக்காளத்தை நம்மில் பலர் கண்டிருப்போம். வெளி மாநிலங்களில் வாழும் நாம், ஊர் செல்லுங்கால் அதனைக் கழித்துவிடுமுன் சற்று ஆராய்தல் நன்று.

காவிரியோடு பவானி கூடும் ஊரில் நெய்யப்படும் பவானி ஜமக்காளம் 2005-06-இல் புவிசார் குறியீடு பெற்றது. விரித்துப் பார்ப்போம். நிறப்பட்டைகள் நூலிலேயே அமைந்து இருபுறமும் தெரியின் அது நெய்தது. மேற்புறத்தோடு நின்றால் அச்சிட்டது. ஓரத்தில் ஊடைநூல் அறுபடாமல் திரும்பியிருத்தல் வேண்டும். வெட்டித் தைத்த ஓரம் ஐயத்திற்குரியது.

மலைநாட்டு மழையின் ஈரமும் பூஞ்சையுமே பருத்திக்குப் பகை. ஆகவே பிளாஸ்டிக் உறையில் அடைத்தலாகாது. நிழலில் உலர்த்தி, மடியாமல் சுருட்டி, கஞ்சியிடாத பழைய வேட்டியால் சுற்றி வைப்போம். துவைக்குமுன் ஒரு மூலையில் ஈர வெண்துணியை அழுத்துவோம். சாயம் ஒட்டினால் நீரில் இடலாகாது. செயற்கைப் பட்டுக் கரை நனைந்தால் வலிமை குன்றும்; முறுக்கிப் பிழிதல் தவறு.

யார் திருமணத்திற்கு, எவ்வூரில், எவ்வாண்டில் வாங்கியது? முதியோரைக் கேட்டு, ஒரு துணித்துண்டில் எழுதி, அதன் ஓரத்தில் தைத்து வைப்போம். நூல் நைந்தால் நெசவாளர் ஒட்டுப்போடுவார். சொல்வார் மறைந்தபின் அவ்வரலாற்றை மீட்பார் இல்லை.