கறுப்பு மணலுக்குள் ஓர் ஒழுங்கு

வாகரை, கதிரவெளிப் பக்கம் இல்மனைட் மணலை அகழலாமா என்ற விவகாரம் மட்டக்களப்பாருக்குப் புதிதல்ல. புல்மோட்டையில் பல்லாண்டாக அகழ்கிறார்கள். உலகச் சந்தையில் இல்மனைட்டின் பெரும்பகுதி வெள்ளைப் பெயின்டுக்கு நிறமியாகிறது. ஆனால் அந்தக் கறுப்பு மணிக்குள் பெயின்டுக்குச் சற்றும் உதவாத ஓர் ஒழுங்கு உண்டு. எனக்கு அதுதான் பெரிய விடயம். பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்ததுபோல, இரும்பணுக்கள் ஒரு படை, தைத்தானிய அணுக்கள் அடுத்த படை. ஒவ்வோர் இரும்பணுவும் ஒரு குட்டிக் காந்தம். கடுங்குளிரில் ஓர் இரும்புப் படையில் எல்லாம் மேலே பார்த்தால், அடுத்த இரும்புப் படையில் எல்லாம் கீழே பார்க்கும்.

"ஆலையில் காந்தத்தால்தானே இல்மனைட்டைப் பிரிக்கிறார்கள், அப்போது அது காந்தம்தானே?" என்று கேட்கலாம். இல்லை. வலுவான காந்தம் பக்கத்தில் இருக்கும்வரை மணி இழுபடும். காந்தத்தை எடுத்துவிட்டால் ஒரு மணி மற்றதைப் பிடித்துக்கொள்ளாது. இழுபடுவது வேறு, ஒழுங்குபடுவது வேறு. ஒழுங்கின் பயன் 1988இல் தெரிந்தது. பிரான்சின் அல்பேர்ட் ஃபேர்ட்டும் ஜேர்மனியின் பீட்டர் குரூன்பேர்க்கும் இரும்பையும் குரோமியத்தையும் மெல்லிய படைகளாக அடுக்கினார்கள். இரும்புப் படைகள் எதிரெதிராக நின்றபோது மின்தடை கூடியது. ஒரே பக்கம் திரும்பியதும் குறைந்தது. கணினி வன்தட்டை வாசிக்கும் முனை இதில் பிறந்தது. 2007இல் இருவருக்கும் நோபல் பரிசு. இலத்திரனின் மின்னேற்றத்தோடு அதன் சுழற்சியையும் வேலை வாங்கும் ஸ்பின்ட்ரோனிக்ஸ் துறைக்கு அதுவே வாசல்.

படை ஒன்றே ஒன்றாக மெலிந்தால் ஒழுங்கு நிற்குமா? குட்டிக் காந்தங்கள் எத்திசையும் திரும்பலாம் என்றால், சிறு வெப்பமும் அதைக் கலைத்துவிடும் என்று 1966இல் மேர்மினும் வாக்னரும் நிறுவினர். மேல், கீழ் என்ற இரண்டையே பளிங்கு விரும்பினால் தப்பலாம். 2017இல் குரோமியம் அயடைட்டின் ஒற்றைப் படையில் அப்படித்தான் காந்தம் நின்றது. இரண்டு படையாக வைத்தால், இல்மனைட்டில் போலவே, ஒன்றை மற்றது ஈடுசெய்தது. ஆனால் அது பூச்சியத்துக்குக் கீழே 228 பாகை செல்சியசில். இல்மனைட்டின் ஒழுங்கும் ஏறத்தாழ 215 பாகைக் குளிருக்கு மேல் நிற்காது. நம்முடைய வெயிலுக்கு இதனால் என்ன பயன் என்ற கேள்வி நியாயமானது. அதுவே கடைசி வார்த்தையும் அல்ல: இரும்பு, காலியம், தெலூரியம் சேர்ந்த படைப் பளிங்கொன்று அறை வெப்பத்திலும் காந்தமாக நிற்பதை 2022இல் காட்டிவிட்டார்கள்.

2018இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகக் குழு இயற்கை இல்மனைட்டையே திரவத்திலிட்டு, ஒலியதிர்வால் சில அணுத் தடிப்புள்ள தாள்களாக உரித்தது. அப்படியொரு பரிசோதனைக்கு ஒரு சிட்டிகை மணல் போதும். நாளைய தொழில்நுட்பத்தின் பெயரால் கரையை டன் கணக்கில் யாரும் கேட்டால், அது பெயின்டுக்குத்தான்.