ஆந்தை கற்பிக்கும் பாடம்

 

வெள்ளி விழாக் காணும் நம் சங்கத்தின் மேடையில், பொருட்செலவின்றி வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கற்பிக்கத்தக்க ஒன்றைப் பற்றிப் பேச விழைகிறேன். அஃது ஆந்தை.

ஆந்தை அலறினால் சாவு வரும் என்று பிள்ளைகளை அச்சுறுத்துகிறோம். அது அலறுவதோ தன் இணையை அழைக்கவும் தன் எல்லையை அறிவிக்கவுமே. இதனைச் சொல்லி மட்டும் நிறுத்தாமல், செய்து பார்க்க வையுங்கள்.

முதலாவது, கழுத்துப் பயிற்சி. தரையில் சுண்ணக்கட்டியால் வட்டம் வரைந்து நான்கு சம பாகங்களாகப் பிரியுங்கள். பிள்ளையை நடுவில் அமர்த்தி, தோளை அசைக்காமல் தலையை மட்டும் ஒரு பக்கம் திருப்பச் சொல்லுங்கள். கால் வட்டத்தைத் தாண்டுவது அரிது. ஆந்தையோ முக்கால் வட்டம், அதாவது 270 பாகை வரை திருப்பும். அதன் கண்கள் குழாய் வடிவானவை. நம் கண்களைப்போல் உருளமாட்டா. ஆகவே தலையே திரும்ப வேண்டியுள்ளது. நமக்குக் கழுத்தெலும்புகள் 7, அதற்கு 14.

இரண்டாவது, செவிப் பயிற்சி. பிள்ளையின் கண்களைத் துணியால் கட்டி, புளியங்கொட்டை இட்ட தகர டப்பாவைப் பல திசைகளிலிருந்து குலுக்குங்கள். ஒலி வரும் திசையைக் கைகாட்டட்டும். பின்னர் ஒரு காதைப் பஞ்சினால் அடைத்துக் குலுக்குங்கள், கை தடுமாறும். இரு செவிகளும் சேர்ந்தே திசையை உணர்த்துகின்றன என்பது விளங்கும். கூகைக்கு ஒரு காதுத்துளை சற்று மேலாகவும் மற்றது கீழாகவும் அமைந்துள்ளது. ஆதலால் கும்மிருட்டிலும் எலியின் சரசரப்பைக் கேட்டே அதனைப் பிடித்துவிடும்.

மூன்றாவது பயிற்சியே தலையாயது. கூகை தங்கும் பாழ்மண்டபத்தின் அடியிலும் மரத்தடியிலும் கருநிற உருண்டைகள் கிடக்கும். இரையை முழுதாக விழுங்கிய கூகை, செரிக்காத மயிரையும் எலும்பையும் வாய்வழியே கக்கியவை அவை. பெரியவர் ஒருவர் அவற்றை எடுத்துவந்து, சமையலுக்கு ஆகாத பழைய சட்டியிலிட்டுக் கொதிநீர் ஊற்றி ஊறவைக்கட்டும். ஆறியபின் பிள்ளைகள் குச்சியால் பிரித்து மண்டை ஓடுகளை எண்ணட்டும். உளிபோன்ற முன்பற்கள் உடையது எலி. கூரிய நீண்ட முகம் உடையது மூஞ்சூறு. எலும்புகளை அட்டையில் ஒட்டிப் பெயர் எழுதியபின், கைகளைச் சோப்பிட்டுக் கழுவட்டும். கூட்டை நெருங்குதல் கூடாது. பறவையைப் பிடித்தல் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

அன்பர்களே! அந்த மண்டை ஓடுகள் சாட்சி சொல்லும். நாம் பாடுபட்டு விளைவித்த நெல்லை எலியிடமிருந்து இரவெல்லாம் காத்த பறவையையே அபசகுனம் என்றோம். பிறப்பைக் கொண்டு ஓர் உயிரைத் தீயதென ஒதுக்குவது எத்தகைய கொடுமை என்பதை நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நம்மை ஒதுக்கியவர்களும் ஆராய்ந்து ஒதுக்கவில்லை; கேட்டதை நம்பி ஒதுக்கினார்கள். அதே பழக்கத்தை நம் பிள்ளைகளுக்கு நாமே ஊட்டலாமா?

பிரித்துப் பார்த்து, எண்ணிப் பார்த்து உண்மை காணப் பழகிய பிள்ளை, நாளை தன்னைத் தாழ்ந்தவன் என்று எவர் சொன்னாலும், “சான்று எங்கே?” என்று கேட்கும். அந்தக் கேள்வியே நாம் விட்டுச்செல்லும் பெருஞ்செல்வம்.