சிறு விமானமும் நம் சிறுவர்களும்



பால்சா மரத்தில் விமானம் செய்யும் நம் சிறுவரை விளையாட்டுப் பிள்ளைகளென ஒதுக்கலாகாது. 2018-இல் குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவரின் தக்‌ஷா குழுவுக்கு ஆலோசகராய் அமைந்த நடிகர் அஜித்குமாரும் மாதிரி விமானங்களில் பழகியவரே.

எடையைக் குறைத்தல் எளிதன்று; பசை மிகினும் பாரமே. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் ஏறத்தாழக் கால் பங்குத் தொலைவில் விரல்களால் தாங்கினால், விமானம் சமனாக நிற்றல் வேண்டும். வால் கனத்தால் மூக்கு நிமிர்ந்து, வேகமிழந்து வீழும். பல வார உழைப்பு நொடியில் சுள்ளியாகும். ஆதலின் மென்காற்று வீசும் காலையில், புல்வெளியில், மோட்டாரை முடுக்காமல் காற்றை எதிர்நோக்கி மெல்ல எறிந்து பார்க்கிறோம்.

லோகேகாவ் விமானப்படைத் தளம் அருகிருத்தலின், 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி வெளியான வான்வெளி வரைபடத்தை நோக்கிய பின்னரே திடலைத் தேர்கிறோம். பெற்றோரும் உடன் வருக; வருங்கால் பசைக்குப்பி ஒன்றும் கொணர்க!