நிறம் ஆட்டு மேலேயே இருக்கு!

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



கம்பளி நெய்யும் நம்ம ரெண்டு குழுக்கள் சாயத்தொட்டி கட்டக் கடன் கேட்டிருக்கீங்க. "கலர் இல்லேன்னா வியாபாரி எடுக்க மாட்டேங்கிறார் மேடம்"னு சொன்னீங்க. நியாயம்தான். ஆனால் கடன் வாங்கும் முன்னால் கொஞ்சம் பேசுவோம்.

முதல்ல என் தப்பைச் சொல்லிடறேன். சில வருஷம் முன்னால ஒரு குழுவுக்கு நானே சாயப் பயிற்சி ஏற்பாடு செய்தேன். நிறம் அழகா வந்தது. மிச்சத் தண்ணியை எங்கே ஊத்துறதுன்னு நான் யோசிக்கவே இல்லை. கொல்லையில முருங்கை மரத்தடியில ஊத்தினோம். மரம் பட்டுப்போச்சு. அந்த வீட்டு அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டலை. அதுதான் இன்னும் உறுத்துது.

திருப்பூர் நொய்யல் ஆறு சாயக்கழிவால் கெட்டது நமக்குத் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கே சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அது பருத்திச் சாயம். உப்பு நிறைய வேண்டும். கம்பளிக்கு அவ்வளவு உப்பு வேண்டாம். ஆனாலும் தொட்டியில் மிஞ்சுவது நம்ம மண்ணுக்கும் கிணத்துக்கும்தானே போகும்?

"தண்ணியே இல்லாமச் சாயம் போட முடியாதா?" என்று ஒரு அக்கா கேட்டாங்க. முடியும். கரியமில வாயுவை அதிக அழுத்தத்தில் வைத்து, அதில் சாயத்தைக் கரைத்து ஏற்றும் இயந்திரம் நெதர்லாந்தில் செய்திருக்காங்க. ஆனால் அது பாலியஸ்டருக்குத்தான் நன்றாக ஒத்துவருது. கம்பளிக்கு வழக்கமாகப் போடும் சாயம் தண்ணியில் கரையும். அந்த வாயுவில் சரியாகக் கரையாது. விலையும் நம்ம கைக்கு எட்டாது.

அப்போ நமக்கு என்ன வழி? சாயமே போடாத வழி!

கர்நாடகத்தில் சித்ரதுர்கா மாவட்டம் சள்ளகெரே பக்கம் போனால், கறுப்பு ஆட்டு ரோமத்தைப் பெண்கள் நூற்க, குழித்தறியில் கம்பளி நெய்யறாங்க. பாவுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி. கறுப்பு ஆட்டோட நிறம்தான், சாயம் இல்லை.

நாமும் செய்யலாம். ரோமம் கத்தரிக்கும்போதே கறுப்பு, பழுப்பு, வெள்ளை என்று தனித்தனிச் சாக்கில் போடுங்க. நூற்கும் முன்னாலேயே கலக்கணும். கறுப்பு 3 பங்கு, வெள்ளை 1 பங்கு, சரிபாதி, கறுப்பு 1, வெள்ளை 3. இப்படியே மூணு சாம்பல் நிறம் கிடைக்கும். தனிக் கறுப்பு, தனி வெள்ளை சேர்த்து அஞ்சு ஆச்சு! ஒரு ஆர்டருக்கு வேண்டிய மொத்தத்தையும் எடை போட்டு ஒரே தடவையில் கலந்துடுங்க. அடுத்த கலவை அச்சு அசலா வராது. ரோமம் கழுவத் தண்ணி வேணும்தான். ஆனால் அதில் சாயம் இருக்காது.

சிவப்பு, நீலம் கட்டாயம் வேணும்னா கரைக்கு மட்டும் சாயம் போடுங்க. கம்பளிக்கான அமிலச் சாயத்தோடு வினிகர் சேர்த்து, கொதிநிலைக்குக் கீழேயே சூடு வைத்தால் பெரும்பகுதி நிறத்தை நூலே இழுத்துக்கும். தண்ணி தெளியும்வரை பொறுமையா இருங்க. போட்டுக் கிண்டாதீங்க, நூல் சிக்குப் பிடிக்கும். அதே தண்ணியில் மறுபடி சாயம் சேர்த்து அடுத்த சிட்டத்தைப் போடலாம். கையுறை அவசியம். நிறம் கெட்டியா நிற்கும்னு யாராவது குரோம் உப்பு கொடுத்தால் வேண்டாம்னு சொல்லுங்க. அது புற்றுநோய் வரவைக்கும் விஷம்.

என் வேண்டுகோள் இதுதான். கடனை ஒரு மாசம் தள்ளிவைங்க. அஞ்சு நிறத்திலும் ஒரு சாண் மாதிரி நெய்து, அட்டையில் தைத்து வியாபாரியிடம் காட்டுங்க. "இது சாயம் போகாது, ஆட்டோட நிறம்"னு தைரியமாச் சொல்லுங்க. அவர் வேண்டாம்னா, தொட்டியைப் பற்றி மறுபடி பேசுவோம். அப்போ மிச்சத் தண்ணி எங்கே போகும்னு முதல்ல எழுதிட்டுத்தான் தீர்மானம் போடணும்.

முடிவு உங்களோடது. கடனைக் கட்டப்போறதும் நீங்க, அந்தக் கிணத்துத் தண்ணியைக் குடிக்கப்போறதும் நீங்க.