முதுகலைப் பட்டம் பொறியாளராக்குமா?



"பினாங்கு மின்னணுத் தொழிலுக்குப் பேர்போன இடம். இங்கே மெக்கானிக்கல் பொறியியலில் முதுகலை படித்து என்ன ஆகப் போகிறது?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. 1972இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக மண்டலம் தொடங்கிய காலத்தில் இண்டெல் போன்ற நிறுவனங்கள் இங்கே கொண்டுவந்தது, சில்லுகளைப் பொருத்தி, கம்பி இணைத்து, சோதித்து அனுப்பும் வேலை. அந்த வேலையின் பெரும் தலைவலி சூடுதான். சூடு ஏறும்போது சிலிக்கனைவிடச் செம்பு ஆறு மடங்குக்கும் மேல் விரியும். இரண்டையும் ஒன்றாக ஒட்டிவைத்தால் என்ன ஆகும்? பலகை வளையும், பற்றவைத்த இடம் விரிசல் விடும். இது மெக்கானிக்கல் பொறியியலின் கணக்கு.

பத்தாண்டு அனுபவமுள்ள டெக்னீஷியனுக்கு எந்த இடத்தில் விரிசல் வரும் என்பது கண்ணால் பார்த்தே தெரியும். அது ஏன் அங்கே வருகிறது, எந்தப் பாகத்தின் கனத்தை எவ்வளவு மாற்றினால் வராது என்று கணினியில் கணக்கிட்டுக் காட்டுவது அடுத்த படி. முதுகலைப் படிப்பு அந்தப் படியைத் தாண்ட உதவும். ஆகவே படிப்பின் பயனில் சந்தேகம் வேண்டாம்.

படிக்கும் இடமும் தூரத்தில் இல்லை. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் 2001இல் பேராக்கிலிருந்து நிபோங் திபாலுக்கு வந்தது. கரும்புத் தோட்டங்களுக்காக நம் முன்னோரைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய வட்டாரம் அது. 2014இல் திறந்த இரண்டாவது பாலத்தின் வழியே தீவிலிருந்து அங்கே போவது இப்போது எளிது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. டிப்ளோமாவோடு தொழிற்சாலையில் சேர்ந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். வயது 32. வேலையில் கெட்டிக்காரர். ஆனால் பதவி உயர்வு வரும்போதெல்லாம் பட்டதாரிகள் முந்திக்கொள்கிறார்கள். அப்போது 'ஏபெல்' என்ற திட்டத்தைப் பற்றிக் கேள்விப்படுகிறார். முன் அனுபவத்தை மதிப்பிட்டு உயர்கல்விக்கு வாசல் திறக்கும் திட்டம் அது. மலேசியத் தகுதி முகமை நடத்துகிறது. 30 வயதும், எஸ்.டி.பி.எம். அல்லது டிப்ளோமாவும், துறை சார்ந்த அனுபவமும் இருந்தால் தேர்வு எழுதி, அனுபவத் தொகுப்பைச் சமர்ப்பித்து, இளங்கலை இல்லாமலே முதுகலையில் சேர விண்ணப்பிக்கலாம். நான்கு ஆண்டுகளை மிச்சப்படுத்தும் வழி என்று அவர் மகிழ்ந்தால் அவரைக் குறைசொல்ல முடியாது.

ஆனால் அவர் மனத்தில் இருக்கும் கனவு எது? சம்பள உயர்வா, விரிவுரையாளர் வேலையா, அல்லது பெயருக்கு முன்னால் 'ஐ.ஆர்.' என்று போட்டுக்கொள்ளும் தொழில்முறைப் பொறியாளர் தகுதியா? மூன்றாவதுதான் கனவென்றால் அவர் சற்று நிற்க வேண்டும். நம் நாட்டில் பொறியாளர் பதிவு 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கிறது. பட்டதாரிப் பொறியாளராகப் பதிய, பொறியாளர் வாரியம் பொதுவாகப் பார்ப்பது அங்கீகாரம் பெற்ற இளங்கலைப் பட்டத்தைத்தான். அதன்பின் குறைந்தது மூன்றாண்டு அனுபவம், பிறகு தகுதி மதிப்பீடு. அடித்தளத்தில் அந்தப் பட்டம் இல்லையென்றால், மேலே முதுகலை ஏறினாலும் இந்த வழி தானாகத் திறந்துவிடாது. இதைச் சேர்க்கை முகவர்கள் எல்லாரும் வாய் திறந்து சொல்வார்கள் என்று எதிர்பார்ப்பது வீண்.

தமிழ்நாட்டில் பொறியியல் படித்துத் திரும்பியவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். பொறியியல் பட்டங்களைப் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் உடன்பாட்டில் மலேசியா 2009இலும் இந்தியா 2014இலும் முழு உறுப்பு நாடுகளாயின. ஆனாலும் இந்தியாவின் எல்லாக் கல்லூரிகளின் எல்லாப் படிப்புகளும் அதில் அடங்கிவிடவில்லை. கல்லூரி பெயர்பெற்றது என்பது போதாது. படித்த பிரிவு, படித்த ஆண்டு இரண்டையும் வைத்துப் பார்க்க வேண்டும். முதுகலைக்குக் கட்டணம் கட்டும் முன்பே வாரியத்திடம் விசாரித்துவிடுவது நல்லது.

கட்டணம் என்றதும் சேமநிதி நினைவுக்கு வரும். மேற்படிப்புக்காக இபிஎஃப் செஜாத்ரா கணக்கிலிருந்து பணம் எடுக்க அனுமதி உண்டு. முதுகலைக் கட்டணத்திற்கு ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை வருமான வரி விலக்கும் கிடைக்கும். முதலாளி உதவ முன்வந்தால் இன்னும் நல்லது. ஆனால் எத்தனை ஆண்டு அங்கேயே வேலை செய்ய வேண்டும் என்ற ஒப்பந்த வரியை வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இனி, எந்த வகை முதுகலை? பாடமுறை, ஆய்வுமுறை, இரண்டும் கலந்தது என மூன்று உண்டு. குடும்பமும் ஷிப்டு வேலையும் உள்ளவருக்குப் பாடமுறை தோதானது. வகுப்பு நாளும் தேர்வு நாளும் முன்கூட்டியே தெரியும். பின்னாளில் முனைவர் பட்டம் வரை போக நினைப்பவருக்கு ஆய்வுமுறை பொருந்தும். ஆய்வு என்றால் பலரும் தங்கள் தொழிற்சாலைப் பிரச்சினையையே தலைப்பாக எடுக்க விரும்புகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அந்த அளவீடுகளும் வரைபடங்களும் நிறுவனத்தின் சொத்து. எவற்றை ஆய்வேட்டில் அச்சிடலாம் என்று முதல் பருவத்திலேயே மேலாளரிடமும் ஆய்வு மேற்பார்வையாளரிடமும் எழுத்துமூலம் வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு வருட உழைப்புக்குப் பிறகு "இந்த எண்களை வெளியிட முடியாது" என்று அலுவலகம் சொன்னால், மாணவர் புதிய தலைப்போடு மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிவிடும்.